ஓணானும் தட்டானும்: சிற்றுயிர்களைப் படம்பிடிக்கப் பழகும் முறை

இயற்கைப் புகைப்படக்கலையைக் கற்க விரும்புவோர் பலர், புலியும் யானையும் உலவும் காட்டுக்குச் சென்றால்தான் அது கைகூடும் என்று எண்ணி, தொலைவிலுள்ளதை அருகில் காட்டும் விலையுயர்ந்த டெலிஃபோட்டோ லென்ஸ் வாங்குவதிலிருந்தே தொடங்குகின்றனர். வேலியோரத்து ஓணானிடமிருந்து தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து. அது நாள்தோறும் ஏறக்குறைய அதே இடத்துக்கு வரும் என்பதால், இன்று சரியாக அமையாத படத்தை நாளை மீண்டும் முயலலாம்.

ஓணான் தன் உடலைச் சூடேற்ற வெயிலையே நம்பியிருப்பதால், காலை வெயில் ஏறும் வேளையில் வேலிக்கம்பிலோ மதில்மேலோ நெடுநேரம் அசையாமல் கிடக்கும். இதமான சாய்வொளி கிடைப்பதும் அப்போதுதான். அதை நோக்கி நேராக நடக்காமல், நம் நிழல் அதன்மேல் விழாதவாறு பக்கவாட்டில் சிறிது சிறிதாக நெருங்க வேண்டும். அது மரத்தின் மறுபக்கத்துக்கு நகர்ந்தால் நாம் எல்லை மீறிவிட்டோம் என்று பொருள். அங்கேயே நின்றுவிட வேண்டும். சிறுவர்கள் ஓணான் அடிக்கும் தெருக்களில் ஓணானின் எச்சரிக்கை இருமடங்காக இருக்கும். இனப்பெருக்கக் காலத்தில் ஆணின் தலையும் தொண்டையும் சிவக்கும். எதிரிக்கும் துணைக்கும் தன்னைக் காட்டிக்கொள்ள அது திறந்த இடத்தில் அமர்வதால், தொடக்கநிலையினருக்கு அதுவே உகந்த பருவம்.

கேமராவை ஓணானின் கண் மட்டத்துக்குத் தாழ்த்தி, நமக்கு அருகிலுள்ள கண்ணில் ஃபோகஸ் செய்யுங்கள். அப்பர்ச்சர் (லென்ஸில் ஒளி நுழையும் திறப்பின் அளவு) எஃப் 5.6 முதல் 8 வரையிலும், ஷட்டர் வேகம் (ஒளி பதிவாகும் நேரம்) 1/500 நொடியாகவும் இருந்தால் பெரும்பாலும் போதும். பின்னணிச் செடிகள் எட்டி இருக்கும் கோணத்தைத் தேடினால், உருவம் தனித்துத் தெரியும்.

தட்டானைத் துரத்துவது வீண். குளத்தங்கரையில் அமரும் தட்டான்களுள் பல, இரை பிடிக்கப் பறந்துவிட்டு அதே குச்சிக்குத் திரும்பும் வழக்கமுடையவை; ஆகவே குச்சி நுனியில் முன்கூட்டியே ஃபோகஸ் வைத்துக் காத்திருக்கலாம். உச்சிவெயிலில் சில தட்டான்கள் வெப்பத்தைக் குறைக்க வால்பகுதியைச் சூரியனை நோக்கிச் செங்குத்தாக உயர்த்தும். அது நல்ல படமாகும்.

குதிக்கும் சிலந்திக்கு, மிக நெருக்கத்தில் சிற்றுருவைப் பெரிதாகப் பதியும் மேக்ரோ லென்ஸ் வேண்டும். கையிலுள்ள 50 மி.மீ. லென்ஸை ரிவர்ஸ் ரிங் என்னும் இணைப்பு வளையம் கொண்டு முன்பின்னாகத் திருப்பிப் பொருத்தினாலும் பழகுவதற்குப் போதும். இவ்வளவு நெருக்கத்தில் கூர்மையாகப் பதிவாகும் ஆழம் ஓரிரு மில்லிமீட்டரே என்பதால், லென்ஸைத் திருகுவதைவிட உடலை முன்னும் பின்னும் மெல்ல அசைத்து, முன்புறத்துப் பெரிய இரு கண்களும் தெளியும் கணத்தில் அழுத்துவது எளிது. ஃபிளாஷின் முன் வெள்ளைத் தாள் வைத்தால் ஒளி மென்மையாகும்.

பூச்சிகளைக் குளிர்பெட்டியில் வைத்து மரத்துப்போகச் செய்து எடுப்பவர்களும் இருக்கிறார்கள். அதை இயற்கைப் புகைப்படம் என்று ஏற்க இயலாது. தேன்சிட்டின் கூட்டை மறைக்கும் இலைகளை விலக்கினால் வெயிலும் காகமும் குஞ்சுகளை எட்டிவிடும் என்பதால், பழகும் காலத்தில் கூடுகளின் பக்கமே போகாதிருப்பது முறை.