ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடிய காரை வீட்டிலேயே சோதிப்பது எப்படி?

ஓடோமீட்டர் ஒரு லட்சத்தைத் தாண்டியதும் "வண்டியைத் தள்ளிவிடு" என்று நாலு பேர் சொல்ல ஆரம்பிப்பார்கள். அவசரம் வேண்டாம். ஒழுங்காகப் பராமரித்த பெட்ரோல் கார் இரண்டு லட்சம் தாண்டியும் ஓடும். பழைய கார் நடுவழியில் நிற்பதற்குப் பெரும்பாலும் காரணம் மாற்றாமல் விட்ட திரவங்களும் வெடித்துப்போன ரப்பர் பாகங்களும்தான். இவற்றில் பலவற்றைக் கண்ணால் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். இன்ஜின் குளிர்ந்திருக்கும் காலை நேரத்தில் ஒரு டார்ச், பழைய துணி, நோட்டு மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

1. நோட்டில் எழுதுங்கள்

தேதி, கிலோமீட்டர், கடைசியாக எது எப்போது மாற்றப்பட்டது. செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டி, பழைய விவரம் தெரியவில்லை என்றால், எதுவுமே மாற்றவில்லை என்று வைத்துக்கொண்டு தொடங்குவதுதான் பாதுகாப்பு.

2. இன்ஜின் ஆயில்

சமதளத்தில் நிறுத்தி, டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுங்கள். ஆயில் இரண்டு கோடுகளுக்கு நடுவில் இருக்க வேண்டும். கறுப்பாக இருப்பது இயல்பு. பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கலாம். வண்டியை எடுக்காமல் மெக்கானிக்கை வரவழையுங்கள். வயதான இன்ஜின் கொஞ்சம் ஆயில் குடிக்கும். அதனால் சர்வீஸ் வரை காத்திருக்காமல், 1,000 கிலோமீட்டருக்கு ஒருமுறையாவது அளவு பாருங்கள்.

3. கூலன்ட்: இங்கேதான் நேரம் செலவிட வேண்டும்

நம் ஊர் வெயிலில் பழைய இன்ஜினைக் கொல்வது சூடுதான். அதைத் தணிக்க இன்ஜினுக்குள் சுற்றிவரும் திரவம்தான் கூலன்ட். ஒரே ஒருமுறை கடுமையாகச் சூடேறினாலும் அலுமினிய சிலிண்டர் ஹெட் வளைந்து, அதன் அடியில் கசிவைத் தடுக்கும் ஹெட் காஸ்கெட் போய்விடலாம். செலவு பல ஆயிரங்களில் போகும்.

சூடான இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் அடிக்கும். குளிர்ந்த பிறகு திறந்து நிறத்தைப் பாருங்கள். செங்கல் நிறத்தில் கலங்கியிருந்தால் உள்ளே துரு. முழுவதும் ஃபிளஷ் செய்து புதிதாக நிரப்ப வேண்டும். போர் தண்ணீர் ஊற்றவே வேண்டாம், அதிலுள்ள உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள் படிந்து அடைத்துவிடும். கலந்தே விற்கும் கூலன்ட் வாங்குங்கள், அல்லது அடர் கூலன்ட்டுடன் டிஸ்டில்டு வாட்டரை டப்பாவில் சொன்ன அளவில் கலந்துகொள்ளுங்கள்.

அப்புறம் கூலன்ட் ஓடும் ரப்பர் ஹோஸ்களை விரலால் அமுக்குங்கள். மொறுமொறுப்பாகவோ கொழகொழவென்றோ இருந்தால் மாற்றும் காலம் வந்துவிட்டது. இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஏசியைப் போட்டால் ரேடியேட்டர் ஃபேன் சுற்றுகிறதா என்றும் பாருங்கள்.

"நம்ம ஊருக்கு தெர்மோஸ்டாட் எதுக்கு சார்" என்று அதைக் கழற்றிவிடும் மெக்கானிக்குகள் இன்றும் இருக்கிறார்கள். சம்மதிக்காதீர்கள். இன்ஜின் சூடேறும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வு அது. அது இல்லாவிட்டால் இன்ஜின் வேண்டிய சூட்டுக்கு வர நேரமாகும். பெட்ரோல் அதிகம் போகும், தேய்மானமும் கூடும். கெட்டிருந்தால் புதிது போடச் சொல்லுங்கள்.

4. டைமிங் பெல்ட்டா, செயினா?

இன்ஜினுக்குள் பிஸ்டனின் ஓட்டத்தோடு ஒத்து வால்வுகளைத் திறந்து மூடவைப்பது இந்த பெல்ட் அல்லது செயின்தான். உங்கள் இன்ஜினில் எது என்று இன்றே தெரிந்துகொள்ளுங்கள். மாருதி 800, ஆல்டோ 800, பழைய சான்ட்ரோ ஆகியவற்றில் பெல்ட். ஆல்டோ கே10-இல் செயின். செயினில் சத்தம் வந்தால் மட்டும் கவனித்தால் போதும். பெல்ட் அப்படியல்ல, எச்சரிக்காமலே அறுந்துவிடும். பல இன்ஜின்களில் அந்த நொடியே பிஸ்டன் வால்வை இடித்து வளைத்துவிடும். கையேட்டில் சொன்ன கிலோமீட்டர் வந்தாலும், சொன்ன வருடங்கள் ஆனாலும், எது முந்தியதோ அப்போது மாற்றுங்கள், பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் சேர்த்து.

5. பிரேக்

பிரேக் ஃபுளூயிட் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஈரம் ஏறியது சீக்கிரம் கொதிக்கும். பெடல் பஞ்சுபோல் உள்ளே போகும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது அதைக் கண்டுபிடிக்கக் கூடாது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். பிரேக் பேட் தடிமனை வீல் இடுக்கில் டார்ச் அடித்துப் பார்க்கலாம்.

6. டயர்

பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. ஆறு வயதைத் தாண்டிய டயரை, பட்டன் நிறைய இருந்தாலும், நான் நெடுஞ்சாலையில் நம்ப மாட்டேன். பட்டனின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போகக் கூடாது. ஸ்டெப்னியையும் பாருங்கள்.

7. மற்றவை

ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், மேனுவல் வண்டியில் பலரும் மறந்துவிடும் கியர் ஆயில் ஆகியவற்றைக் கையேட்டுப்படி மாற்றினால் போதும். பேட்டரியை மல்டிமீட்டரில் பாருங்கள்: நிறுத்திய நிலையில் சுமார் 12.6 வோல்ட், இன்ஜின் ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். ராத்திரி வண்டிக்கடியில் அட்டை விரித்து வைத்தால் கசிவு எங்கே என்று காலையில் தெரியும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் நுழையவே கூடாது.

எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் செய்யப் பணம் இல்லையென்றால் பிரேக்கும் டயரும் முதலில், பிறகு டைமிங் பெல்ட், அடுத்து கூலன்ட். டிங்கரிங், பெயின்டிங், சீட் கவர் எல்லாம் கடைசி. ஒர்க்‌ஷாப்பில் விடும்போது கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தரவேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வாங்கிப் பார்த்த பிறகு பில்லுக்குப் பணம் கொடுங்கள்.