பெயர்ப்பலகை எழுதுகிறவனின் ஸ்டேஷனரி பாடம்

இருபது ஆண்டுகளாகக் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறேன். தொழிலுக்கு வந்த புதிதில், நோட்டுப் புத்தகக் கடை ஒன்றுக்கு ஆங்கிலத்தில் ‘ஸ்டேஷனரி’ என்று எழுதும்போது, கடைசி ‘ஆர், ஒய்’க்கு முன்னால் ‘ஈ’க்குப் பதில் ‘ஏ’ போட்டுவிட்டேன். “நகராமல் நிற்கும் கடையா?” என்று அவ்வழியே போன ஆசிரியர் ஒருவர் சிரித்தார். என் செலவில் திருத்திக் கொடுத்தேன்.

‘ஏ’ போட்டால் அது ‘நகராமல் நிற்கும்’ என்று பொருள்படும் வேறு சொல். இரண்டுக்கும் உச்சரிப்பு ஒன்றுதான், காதை நம்பிப் பயனில்லை. என்வலப் என்ற சொல் ‘ஈ’யில் தொடங்குகிறது, காகிதமும் பேனாவும் விற்கும் கடைக்கும் அதே ‘ஈ’. ஓடாமல் நிற்கும் காருக்கு ‘ஏ’. கார் என்ற சொல்லின் நடுவிலேயே அது இருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், இரண்டும் ஒரே வேர். ஊர் ஊராகச் சுமந்து விற்காமல், ஓரிடத்தில் கடை போட்டுப் புத்தகம் விற்றவர்தான் அந்தக் கால இங்கிலாந்தில் ‘ஸ்டேஷனர்’. லண்டனில் அவர்கள் சங்கம் 1557இல் அரச சாசனமே பெற்றது. ஆசிரியரிடம் அன்றைக்கே இதைச் சொல்லத் தெரியாமல் போயிற்று!

கடை எப்போதிலிருந்து நடக்கிறது என்று பலகையில் ஆங்கிலத்தில் எழுதும்போது வரும் ‘சின்ஸ்’, ‘ஃபார்’ குழப்பத்துக்குத் தமிழே போதும். ‘பத்து ஆண்டுகளாக’ என்றால் ஃபார். ‘1985 முதல்’ என்றால் சின்ஸ். ‘ஃபார் 1985’ என்று துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு இன்னும் ஆட்கள் வருகிறார்கள். பிரஷ்ஷைத் தொடும் முன்பே கேட்டுவிடுகிறேன்.