நுவார்முத்தியே தீவில் கடலின் நேரப்படி ஒரு வாரம்

பள்ளி விடுமுறை விட்டதும் பாரிஸில் எங்கட ஆக்கள் பலரும் தெற்கே, நீஸ் பக்கம் ஓடுவார்கள். நாங்கள் நான்கு கோடையாக மேற்கே, அத்திலாந்திக் ஓரத்திலுள்ள நுவார்முத்தியே தீவுக்குத்தான் போகிறோம். அம்மாவும் கூட வருவா. முழங்கால் வலியோடிருக்கும் அம்மம்மாவுக்கும் ஆறு வயதுப் பேரனுக்கும் ஒரே இடம் பிடிக்க வேண்டுமென்றால், ஏற்ற இறக்கமே இல்லாத இந்தத் தட்டைத் தீவைத்தான் நான் சொல்வேன்.

வாடகை வீட்டைத் தை மாதத்திலேயே பிடித்துவிடுங்கள். கடல் தெரியும் வீட்டுக்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். புவா த லா ஷேஸ் காட்டுக்கு நடந்து போகும் தூரத்தில் இருந்தால் போதும். கார் இல்லாதவர்கள் நாந்த் வரை ரயிலிலும் அங்கிருந்து பஸ்ஸிலும் வரலாம்.

போய் இறங்கியதும் கடல் வற்றுப்பெருக்கு அட்டவணை ஒன்று வாங்குங்கள். அதில் நேரத்துக்குப் பக்கத்தில் 20 முதல் 120 வரை ஓர் எண் இருக்கும். எண் கூடக் கூட கடல் தூர வற்றும். நேரம் நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் பிந்திக்கொண்டே போகும். சில அட்டவணைகளில் கோடைக்கால நேரம் சேர்ந்திருக்காது; ஒரு மணி நேரம் கூட்டிப் பார்க்க வேண்டும். அதைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவிடுங்கள். அந்த வாரத்துக்கு வேறு திட்டம் தேவையில்லை.

குவா பாதைக்குத்தான் இந்தக் கவனமெல்லாம். எதிர்க்கரையிலுள்ள போவுவார் ஊரிலிருந்து தீவுக்குக் கடலடியில் கிடக்கும் நான்கு கிலோமீற்றருக்கு மேற்பட்ட தெரு அது. நாளுக்கு இரண்டு தரம் மூழ்கும். முழுதாக வற்றும் நேரத்துக்கு ஒன்றரை மணி முன்னும் பின்னும்தான் கடக்கலாம். முதல் வருடம் நாங்கள் இருபது நிமிடம் பிந்திப் போனோம். கல் பாவிய ஓரங்களில் தண்ணீர் ஏறத் தொடங்கியிருந்தது. கணவர் ஒன்றும் பேசாமல் காரைத் திருப்பி, 1971இல் திறந்த பாலத்தால் சுற்றிப் போனார். நீங்களும் அப்படியே செய்யுங்கள். நடுவழியில் ஏறித் தப்ப உயரமான கம்பங்கள் நிற்கின்றன, ஆனால் அவற்றை நம்பி ஒருவரும் இறங்கக்கூடாது.

மட்டி பொறுக்குவதும் அங்கேதான். கால்செருப்பு வேண்டாம், பழைய சப்பாத்து போடுங்கள். சிப்பி ஓடு வெட்டும். ஈர மணலில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சிறு துளைகள் தெரிந்தால் அதற்குக் கீழே மட்டி இருக்கிறது. மகன் குந்தியிருந்து விரலால் மெல்லக் கிண்டுவான். ஒரு சொட்டுத் தண்ணீர் முகத்தில் பீச்சியடிக்கும், பிறகு சாம்பல் வரி ஓடிய ஓடு கையில் வரும். சின்னதைத் திரும்பப் புதைத்துவிட வேண்டும். எடுக்கக்கூடிய அளவும் எடையும் அறிவிப்புப் பலகையில் இருக்கும். கடல் முழுதாக வற்றிய அந்த நேரத்திலேயே கரைக்குத் திரும்பத் தொடங்குங்கள். அங்கே தண்ணீர் இரண்டு பக்கத்தாலும் வரும்.

மட்டியைச் சில மணி நேரம் கடல்நீரில் போட்டு மணல் கக்க வையுங்கள். பாரிஸில் எங்கட கடைகள் இருக்கும் லாசப்பலில் வாங்கிக் கொண்டுபோன கறித்தூளில் ஒரு கரண்டி, பூண்டு, தேங்காய்ப்பால். ஓடு திறந்ததும் இறக்கிவிட வேண்டும். தீவின் உருளைக்கிழங்கைத் தோலோடு அவித்துத் தொட்டுக்கொள்ளலாம்.

சின்னப் பிள்ளைகளைக் குளிக்க விட பிளாஜ் தே தாம் கடற்கரை நல்லது. வெள்ளை மரக்குடில்கள் வரிசையாக நிற்கும், அலை குறைவு. அம்மா பைன் மர நிழலில் கதிரை போட்டு இருப்பா. பார்பாத்ர் பக்கத்து மேற்குக் கரையில் அலை பெரிது. அது வளர்ந்த பிள்ளைகளுக்கு.

பின்னேரங்களில் சைக்கிள் எடுத்து லேப்பீன் ஊர்ப் பக்க உப்பளங்களுக்குப் போங்கள். ஆடி மாதத்தில் இரவு பத்து மணியளவில்தான் சூரியன் மறையும், அவசரமே இல்லை. மேலே மிதக்கும் மெல்லிய வெள்ளை உப்பை நீண்ட பலகைக் கோலால் வழிப்பார்கள். சாம்பல் நிறக் கல்லுப்பு அடியிலிருந்து வரும். ஆனையிறவு உப்பளத்தைப் பார்த்து வளர்ந்த அம்மா, முதல் தரம் அந்த வரப்பில் நின்று ஒரு பரலை நாக்கில் வைத்துவிட்டு நெடுநேரம் பேசவில்லை. கல்லுப்பை வரப்போரக் குடிலில் ஒரு கிலோ வாங்கிக்கொள்ளுங்கள். ஈரமாக இருக்கும், துணிப்பையில் கட்டித் தொங்கவிட வேண்டும்.