டிசெபிலிட்டி பென்ஷனும் (ஊன ஓய்வூதியம்) இ.சி.எச்.எஸ். என்ற மருத்துவத் திட்டமும்: பட்டாளத்தை விட்டு வருகிறவர் கவனத்துக்கு

பென்ஷன் வர இன்னும் ஆறு மாதம் இருக்கிறது, முட்டி வலிக்கிறது, ஒரு காது மந்தம், பி.பி. மாத்திரை ஓடுகிறது, "எல்லாம் வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்களா? அப்படியானால் இது உங்களுக்குத்தான். மருந்து மாத்திரையை வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம். ஆனால் வெளியே வருமுன் டாக்டர்கள் குழு உடம்பைப் பரிசோதித்து எழுதும் ரிலீஸ் மெடிக்கல் போர்டை வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்ள முடியாது. சர்வீஸ் நடுவில் உடல்நிலை காரணமாக அனுப்பப்படுகிறவருக்கு இதையே இன்வாலிடிங் மெடிக்கல் போர்டு என்பார்கள். அதில் எழுதப்படுவதை வைத்துத்தான் அப்புறம் உங்கள் பணிப் பதிவேடுகளை வைத்திருக்கும் ரெக்கார்டு ஆபீஸ் பேசும், மேல்முறையீட்டுக் கமிட்டி பேசும், தீர்ப்பாயமும் பேசும்.

அந்தத் தாளுக்கு ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்.-16 என்று பெயர். பல பக்கம் இருக்கும். அதில் இரண்டு இடம் முக்கியம். ஒன்று, உங்கள் நோயோ காயமோ ராணுவப் பணியால் வந்ததா, அல்லது ஏற்கனவே இருந்தது பணியால் மோசமானதா என்ற கேள்வி. முதலாவதை அட்ரிபியூட்டபிள் என்றும் இரண்டாவதை அக்ரவேட்டட் என்றும் எழுதுவார்கள், இரண்டும் இல்லை என்றால் 'நானா' (NANA) என்று நான்கு ஆங்கில எழுத்து. அடுத்தது ஊனத்தின் சதவீதம். சர்வீஸை முழுதாக முடித்து வருகிறவருக்கு குறைந்தது 20 சதவீதம் இருக்க வேண்டும், பணியோடு தொடர்பும் ஏற்கப்பட்டிருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் சாதாரண சர்வீஸ் பென்ஷன் மட்டும்தான், ஊனத்துக்கான கூடுதல் தொகையான டிசெபிலிட்டி எலிமெண்ட் சேராது.

நான் அதைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். வார்டில் பிற்பகல் நேரம், வரிசையில் எனக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர், கிளார்க் பக்கத்தைப் புரட்டிப் புரட்டி விரலை வைத்த இடத்திலெல்லாம் போட்டுக்கொண்டே வந்தேன். மூன்று மாதம் கழித்து ஊரில் திண்ணையில் உட்கார்ந்து அந்த நகலைப் பிரித்தபோதுதான் முட்டிக்கு நேரே 'நானா' என்று இருந்ததைப் பார்த்தேன். அந்த முட்டி இரவு ரூட் மார்ச்சில் பள்ளத்தில் விழுந்து உடைந்தது. கூட வந்தவர்கள்தான் தூக்கிக்கொண்டு போனார்கள், யூனிட்டின் மருத்துவ அறையான எம்.ஐ. ரூமில் கட்டுப் போட்டார்கள், மூன்று வாரம் லைட் டியூட்டி கொடுத்தார்கள். ஆனால் காய அறிக்கை, அதாவது ஐ.ஏ.எஃப்.ஒய்.-2006 படிவம், யாரும் போடவில்லை. போட வேண்டும் என்று எனக்கும் அன்று தெரியாது. பணியில் பட்ட அடி என்று சொல்ல என்னிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லாமல் போனது இப்படித்தான்.

அதனால் போர்டு தேதி வருவதற்கு முன்பே உட்கார்ந்து ஒரு கோப்பு கட்டுங்கள். காயம் என்றால் காய அறிக்கை, கோர்ட் ஆஃப் என்குயரி என்ற ராணுவ விசாரணை நடந்திருந்தால் அதன் நகல். அறிக்கை போடாமல் விட்டிருந்தால், அன்று கூட இருந்த இரண்டு பேரிடம் தேதி, இடம், என்ன டியூட்டி என்று எழுதி வாங்கி யூனிட்டில் இப்போதே கொடுங்கள், அவர்கள் ஆளுக்கொரு திசையில் போஸ்டிங் போய்விட்டால் பிறகு தேடிப் பிடிப்பது பெரும்பாடு. நோய் என்றால் ஆஸ்பத்திரியில் படுத்த ஒவ்வொரு முறைக்குமான டிஸ்சார்ஜ் சீட்டு, கேட்டகரி, அதாவது மருத்துவத் தகுதி நிலை, இறக்கிய போர்டுகளின் தாள்கள், அப்புறம் நீங்கள் எங்கெல்லாம் எத்தனை மாதம் இருந்தீர்கள் என்ற போஸ்டிங் பட்டியல். இந்தப் பட்டியலை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ரத்தக் கொதிப்பு, இதயக் கோளாறு, மன அழுத்தம் போன்றவற்றில், உயரமான மலைப் பகுதியிலோ ஃபீல்டிலோ தீவிரவாத எதிர்ப்பு டியூட்டியிலோ இருந்த காலத்தில் அது தொடங்கியதா, கூடியதா என்பதை வைத்துத்தான் 'அக்ரவேட்டட்' முடிவாகும். போர்டுத் தாளிலேயே உங்கள் சொந்த வாக்குமூலத்துக்கு ஒரு பகுதி உண்டு. அங்கே "ஆம்", "இல்லை" என்று ஒற்றை வார்த்தையில் முடிக்காதீர்கள். எந்த இடத்தில், எந்த மாதத்தில் முதல் தடவை தெரிந்தது என்று எழுதுங்கள். கையெழுத்துக்கு முன் முழுதாகப் படியுங்கள், நகல் வாங்குங்கள். பின்னால் பத்துப் பேர் நின்றாலும் பரவாயில்லை, நிற்கட்டும்.

நகல் இல்லாமல் ஏற்கனவே வந்துவிட்டீர்களா? சரி, ரெக்கார்டு ஆபீஸின் மத்திய பொதுத் தகவல் அதிகாரிக்கு ஆர்.டி.ஐ. போடுங்கள். கட்டணம் 10 ரூபாய்தான், இணையத்திலும் கட்டலாம். மெடிக்கல் போர்டு தாள்கள் முழுதும், சேர்ந்த நாளில் நடந்த மருத்துவப் பரிசோதனையின் தாள், நிராகரிப்புக் கடிதம், இந்த மூன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

சேர்ந்த நாளின் மருத்துவத் தாளை ஏன் கேட்கச் சொல்கிறேன் என்றால், 2013-ல் உச்ச நீதிமன்றம் தரம்வீர் சிங் வழக்கில் சொன்ன தீர்ப்பு அதைச் சுற்றித்தான் இருக்கிறது. சேரும்போது நல்ல உடம்பு என்று எடுத்தீர்கள், அந்த நோயைப் பற்றி ஒரு குறிப்பும் எழுதவில்லை, அப்படியிருக்க வெளியே அனுப்பும்போது அது பணியால் வந்ததல்ல என்றால் காரணம் காட்ட வேண்டியது நிர்வாகம்தான், சிப்பாய் அல்ல என்று அதில் சொன்னார்கள். வலிப்பு நோயால் அனுப்பப்பட்டவரின் வழக்கு அது. 'பிறவிக் கூறு' என்று ஒரே வரியில் உங்களை நிராகரித்திருந்தால், போர்டு காரணம் எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். காரணமே இல்லை என்றால் உங்கள் கை ஓங்கியிருக்கிறது. காரணம் விளக்கமாக இருந்தால் எதிராகவும் தீர்ப்பு வரலாம், அப்படியும் வந்திருக்கிறது. யாராவது "கண்டிப்பாக வாங்கித் தருகிறேன், பாதி கொடு" என்று வந்தால் அவரிடம் கோப்பைக் கொடுக்காதீர்கள்.

பணம் எவ்வளவு வரும் என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2023 செப்டம்பர் 21-க்கு முன் சர்வீஸ் முடித்து வந்தவருக்கு, 100 சதவீத ஊனம் என்றால் கடைசியாக வாங்கிய சம்பளத்தில் 30 சதவீதம் டிசெபிலிட்டி எலிமெண்ட். சம்பளம் 50,000 என்று வைத்துக்கொண்டால் 15,000. ஊனம் 30 சதவீதம்தான் என்றால் 4,500 வர வேண்டும், ஆனால் சதவீதத்தை 50, 75, 100 என்று மேலே தூக்கும் முறை ஒன்று இருக்கிறது, பிராட் பேண்டிங் என்பார்கள். அதன்படி 30 என்பது 50 ஆகி, 7,500 வரும், அதற்கு மேல் அகவிலை நிவாரணம். சர்வீஸ் முடித்து வந்தவருக்கும் இது உண்டு என்று 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. உங்கள் பி.பி.ஓ.வை, அதாவது பென்ஷன் உத்தரவை, எடுத்து, 20, 30, 40 என்றே இன்னும் கணக்குப் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். அந்த செப்டம்பர் தேதிக்குப் பிறகு வந்தவருக்கு 2023-ன் புதிய விதிகள், பெயரே மாறிவிட்டது, சர்வீஸ் முடித்து வருகிறவருக்கு இப்போது 'இம்பேர்மெண்ட் ரிலீஃப்'. பழைய ஆள் சொன்ன கணக்கை அப்படியே உங்களுக்குப் போட்டுப் பார்க்காதீர்கள். அக்னிவீரர்களுக்கு மாதப் பென்ஷன் கிடையாது, பணியால் வந்த ஊனத்துக்கு ஒரே தவணையில் கருணைத்தொகை: 100 சதவீதத்துக்கு 44 லட்சம், 75-க்கு 25 லட்சம், 50-க்கு 15 லட்சம்.

நிராகரித்துக் கடிதம் வந்தால் அதை மடித்துப் பீரோவில் வைக்காதீர்கள். வந்த தேதியைக் கடிதத்தின் மேலேயே எழுதுங்கள், ஆறு மாதத்துக்குள் முதல் மேல்முறையீடு ரெக்கார்டு ஆபீஸ் வழியாகப் போக வேண்டும். அதுவும் தள்ளுபடி ஆனால் இரண்டாவது மேல்முறையீடு. அதற்கும் பிறகு ஆயுதப்படைத் தீர்ப்பாயம், நம் ஆட்களுக்குச் சென்னையிலேயே அமர்வு இருக்கிறது, டெல்லிக்கு அலைய வேண்டியதில்லை. மனுவுக்கு ஆறு மாதமாகப் பதிலே வரவில்லை என்றாலும் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். பல வருடம் கழித்துப் போனாலும் பென்ஷன் வழக்கை எடுத்துக்கொள்வார்கள்தான், ஆனால் பழைய பாக்கி பொதுவாக வழக்குப் போட்ட நாளுக்கு முந்தைய மூன்று வருடத்துக்குத்தான் கிடைக்கும். பத்து வருடம் பீரோவில் வைத்திருந்தால் ஏழு வருடப் பணம் போய்விடும். எல்லாவற்றையும் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதைக் கடிதத்தோடு பின் போட்டு வையுங்கள். மனு எழுதத் தெரியவில்லை என்றால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்கள், அதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

இனி வைத்தியம். இ.சி.எச்.எஸ். 2003 ஏப்ரல் 1-ல் தொடங்கியது, பென்ஷன் வாங்கும் முன்னாள் படைவீரருக்கும் அவரை நம்பி இருக்கும் குடும்பத்துக்கும். ஒரே முறை பணம் கட்டினால் ஆயுளுக்கும் சரி: 2017 டிசம்பர் இறுதியில் வந்த உத்தரவுப்படி ஹவில்தார் வரை 30,000, ஜே.சி.ஓ.வுக்கு (நாயப் சுபேதார் முதல் சுபேதார் மேஜர் வரை) 67,000, அதிகாரிக்கு 1,20,000. வெளியே வரும்போதே விண்ணப்பித்துவிடுங்கள், கார்டு வரும்வரை தற்காலிகச் சீட்டைக் கைவசம் வைத்திருங்கள். டிஸ்சார்ஜ் புக்கில் மனைவி பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் இருப்பது போலவே இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள், பெரும்பாலான கார்டுகள் நிற்பது அந்த ஒரு எழுத்துப் பிழையில்தான்.

சாதாரணமாக வழி இதுதான்: இ.சி.எச்.எஸ்.ஸின் சொந்த மருத்துவமனையான பாலிகிளினிக் போகிறீர்கள், டாக்டர் பார்க்கிறார், மேல் சிகிச்சை வேண்டும் என்றால் ரெஃபரல் எழுதுகிறார், அதை எடுத்துக்கொண்டு ஒப்பந்தம் உள்ள தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனால் பணம் கட்ட வேண்டியதில்லை. ரெஃபரல் இல்லாமல் நேராகப் போய்விட்டு அப்புறம் பில்லை நீட்டினால் யாரும் வாங்க மாட்டார்கள். மருந்து இல்லை என்றால் சும்மா திரும்பாதீர்கள், இல்லை என்று எழுதி வாங்குங்கள், வெளியே வாங்கிய பில்லுக்கு அது தேவைப்படும்.

ராத்திரி நெஞ்சு வலி வந்தால் இது எதையும் யோசிக்காமல் பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரியோ அங்கே போங்கள். ஒப்பந்த ஆஸ்பத்திரி என்றால் கார்டைக் காட்டினால் போதும், தெரிவிக்க வேண்டியதை அவர்களே தெரிவிப்பார்கள். ஒப்பந்தம் இல்லாத இடம் என்றால் 48 மணி நேரத்துக்குள் வீட்டிலிருந்து ஒருவர் பாலிகிளினிக்குக்குத் தகவல் சொல்லியாக வேண்டும். பணத்தை நீங்கள் கட்டிவிட்டுப் பிறகு திரும்பக் கேட்க வேண்டும், அதுவும் அரசு வைத்திருக்கும் விலைப்படிதான் வரும், பில்லில் உள்ளது முழுதாக வராது. பாலிகிளினிக் நம்பரை உங்கள் போனில் மட்டும் வைத்துப் பிரயோஜனமில்லை, படுத்திருப்பது நீங்கள்தானே. மனைவி போனிலும் பிள்ளை போனிலும் போட்டுக் கொடுங்கள்.

தூக்கம் வராமல் இருப்பது, சின்னச் சத்தத்துக்குத் திடுக்கிடுவது, வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுவது, இதை எந்த டாக்டரிடமும் நம் ஆட்கள் சொல்வதில்லை. சொன்னால் கேட்டகரி போய்விடும் என்ற பயம் சர்வீஸில் இருந்தது, எனக்கும் இருந்தது. வெளியே வந்த பிறகு இழக்க என்ன கேட்டகரி இருக்கிறது? பாலிகிளினிக்கில் சொல்லி மனநல மருத்துவருக்கு ரெஃபரல் கேளுங்கள். அதுவரை பொறுக்க முடியவில்லை என்றால் அரசின் டெலி மானஸ் எண் 14416, தமிழிலேயே பேசுவார்கள், காசு கிடையாது.

கை கால் இழந்தவருக்குப் புனேயில் செயற்கை உறுப்பு மையம் இருக்கிறது, 1944-லிருந்து நடக்கிறது. முதுகுத்தண்டு அடிபட்டவருக்குக் கிர்க்கியிலும் மொகாலியிலும் மறுவாழ்வு மையங்கள். 100 சதவீத ஊனத்தோடு எப்போதும் இன்னொருவர் துணை வேண்டும் என்ற நிலை என்றால் கான்ஸ்டன்ட் அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் தனியாக உண்டு, அதை மெடிக்கல் போர்டு பரிந்துரைத்து எழுதியிருக்க வேண்டும்.

ஸ்பர்ஷ் என்ற பாதுகாப்புத் துறையின் இணையப் பென்ஷன் கணக்கில் வருடம் ஒருமுறை உயிர்வாழ்வுச் சான்று கொடுக்க மறந்தால் பென்ஷன் நின்றுவிடும். பதிவு செய்த மொபைல் எண்ணை மாற்றாதீர்கள், மாற்றினால் ஸ்பர்ஷிலும் மாற்றுங்கள்.

கடைசியாக ஒன்று, இதை மனைவியோடு உட்கார்ந்து செய்யுங்கள். பணியால் வந்தது என்று ஏற்கப்பட்ட நோயாலேயே ஒருவர் இறந்தால் மனைவிக்குச் சாதாரணக் குடும்பப் பென்ஷனைவிட அதிகமான சிறப்புக் குடும்பப் பென்ஷனுக்கு உரிமை உண்டு. அதைக் கேட்க அந்த மெடிக்கல் போர்டு தாளும், இறப்புக்கான காரணத்தை டாக்டர் எழுதிக் கொடுத்த சான்றும் அவர் கையில் இருக்க வேண்டும். கோப்பு எந்த அலமாரியில், எந்த நிற அட்டையில் இருக்கிறது என்று இன்று ராத்திரியே எடுத்துக் காட்டிவிடுங்கள்.