பாட்டில் நுரையீரலுக்குப் பக்கத்தில் சுண்ணாம்புத் தெளிநீர்

தருமபுரி மாவட்டப் பள்ளிக் கண்காட்சிகளில் பாட்டிலும் பலூனும் கொண்டு செய்த நுரையீரல் மாதிரி தவறாமல் இடம்பெறும். காற்று ஏன் உள்ளே வருகிறது என்பதை அது நன்றாகவே காட்டுகிறது. வந்த காற்று உள்ளே என்ன ஆகிறது என்பதைக் காட்டுவதில்லை. ஆகவே, பாலக்கோட்டுப் பக்கத்தில் பாடம் நடத்தும் நான், கார்பன் டை ஆக்சைடு பட்டால் பால் நிறமாகும் சுண்ணாம்புத் தெளிநீரையும் அருகில் வைத்துக்கொண்டுதான் இப்பாடத்தைத் தொடங்குகிறேன்.

தெளிநீரை முந்தைய நாளே தயாரித்துவிட வேண்டும். பெட்டிக்கடையில் வெற்றிலைக்குத் தரும் நிறம் சேர்க்காத சுண்ணாம்பில் ஒரு தேக்கரண்டியை ஒரு லிட்டர் நீரில் கலக்கி, பாத்திரத்தை மூடி, இரவு முழுவதும் அசைக்காமல் வைத்திருந்து, காலையில் மேலே தெளிந்து நிற்பதை மட்டும் வடிகட்டி எடுங்கள். உப்பு மிகுந்த போர்வெல் தண்ணீரில் சுண்ணாம்பின் ஒரு பகுதி உடனே வெண்படிவாகி வீணாகிவிடும். கேன் தண்ணீரோ மழைநீரோ நல்லது. திறந்து வைத்தால் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு பட்டு, காய்ச்சிய பாலில் போல மேலே ஏடு படியும்.

மாதிரி செய்வது எளிது. ஒரு லிட்டர் பாட்டிலின் அடியை வெட்டிவிட்டு, மூடியில் துளையிட்டு, முனையில் சிறு பலூன் கட்டிய இரண்டு உறிஞ்சுகுழல்களைச் செருகி, இடுக்குகளை மெழுகால் அடைத்து, பெரிய பலூனொன்றை வெட்டி அடிப்பக்கத்தில் இறுக்கிக் கட்டுங்கள். அடித்தோலைக் கீழே இழுத்தால் உள்ளிடம் பெருகி, அழுத்தம் குறைந்து, காற்று தானாகவே பலூன்களுக்குள் நுழையும். உடலில் இதைச் செய்வது மார்புக்கும் வயிற்றுக்கும் இடையிலுள்ள உதரவிதானம்: குவிந்திருக்கும் அந்தத் தசை சுருங்கித் தட்டையாக, விலா எலும்புகளும் உயர்கின்றன.

இந்த இடத்தில் மாதிரி நம்மை ஏமாற்றுகிறது என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். நுரையீரல் வெற்றுப் பலூன் அன்று, கடற்பஞ்சு போன்றது. அதில் ஏறத்தாழ 30 கோடி நுண்ணறைகள் உள்ளன. அவற்றின் சுவர்களை விரித்தால் சுமார் 70 சதுர மீட்டர் வரும். அமைதியாக இழுக்கும் ஒரு மூச்சில் ஏறக்குறைய 500 மில்லிலிட்டர் காற்று நுழைந்தாலும், 150 மில்லிலிட்டர் குழாய்களிலேயே நின்றுவிடுகிறது. எஞ்சியதே நுண்ணறைகளை அடைகிறது. அங்கே காற்றுக்கும் இரத்தத்துக்கும் இடையிலுள்ள சுவர், ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கைவிட மெல்லியது. ஆக்சிஜன் அழுத்தம் நுண்ணறையில் அதிகம், வந்து சேரும் இரத்தத்தில் குறைவு. கார்பன் டை ஆக்சைடுக்கோ நேர்மாறு. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு நீர் பாய்வதுபோல், இரண்டும் எதிரெதிர்த் திசைகளில் விரவிச் செல்கின்றன. கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கல்லறுக்கும் பட்டறைகளின் சிலிக்கா தூசு ஆண்டுக்கணக்கில் உள்ளே சென்றால் நுரையீரலில் தழும்பு விழுந்து, இந்தச் சுவர் தடித்துப்போகிறது. மார்பு ஏறி இறங்கினாலும் பரிமாற்றம் குறைகிறது.

இனிச் சோதனை. இரண்டு குவளைகளில் சம அளவு தெளிநீர் ஊற்றுங்கள். ஒன்றில் மாணவர் உறிஞ்சுகுழல் வழியாக மெல்ல ஊதட்டும். மற்றொன்றில் சைக்கிள் பம்பால் வெளிக்காற்றைச் செலுத்துங்கள். முதல் குவளை விரைவில் பால் நிறமாகும். இரண்டாவது நெடுநேரம் தெளிவாகவே இருக்கும். உள்ளே போகும் காற்றில் கார்பன் டை ஆக்சைடு 0.04 சதவீதம்தான், வெளிவருவதில் ஏறத்தாழ 4 சதவீதம். ஆக்சிஜனோ 21 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைந்திருக்கும்.

ஒருமுறை என் வகுப்பில் ஒரு மாணவன் ஊதுவதற்குப் பதில் உறிஞ்சிவிட்டு, வாய் எரிந்து தவித்தான். அன்றிலிருந்து குழலின் மேற்பகுதியில் குண்டூசியால் சில துளைகள் இட்டுத்தான் கொடுக்கிறேன். ஊத முடியும், உறிஞ்சினால் காற்றே வரும். கண்ணில் தெறித்தால் உடனே நிறைய நீர்விட்டுக் கழுவி, மருத்துவரிடம் காட்டுங்கள்.

பால் நிறமான பின்னும் ஊதிக்கொண்டே இருந்தால் நீர் மறுபடியும் தெளியத் தொடங்கும். சோதனை கெட்டுவிட்டதென்று கொட்டிவிடாதீர்கள். பால் நிறம் தந்த கரையாத கால்சியம் கார்பனேட், மேலும் கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து, கரையும் பைகார்பனேட்டாக மாறியிருக்கிறது.