பிரைமரி 1 போகுற பிள்ளைக்கு முதல்ல 10ஐ பிரிக்க சொல்லிக் குடுங்க

சிங்கப்பூர்ல அடுத்த வருஷம் பிள்ளைய பிரைமரி 1ல, அதாவது ஒண்ணாம் வகுப்புல, சேக்கப் போறவங்க இப்பவே வாய்ப்பாட்ட மனப்பாடம் பண்ண வெக்காதீங்க, 2, 3, 4, 5, 10 வாய்ப்பாடெல்லாம் பிரைமரி 2லதான் வருது, அந்த ரெண்டு வருஷத்துலயும் மார்க் சேக்குற பரீட்சை 2019லருந்தே கிடையாது. முதல்ல வேண்டியது நம்பர் பாண்ட், அதாவது 10ன்னா 7ம் 3ம், 6ம் 4ம்னு டக்குனு பிரிக்கத் தெரியணும்.

10 காசு நாணயம் பத்து எடுத்து மேசைல வெச்சு எண்ணச் சொல்லுங்க, அப்புறம் கொஞ்சத்த கையால மூடிட்டு "உள்ள எத்தன இருக்கு?"ன்னு கேளுங்க. வெளிய 6 தெரிஞ்சா உள்ள 4னு வரணும், மொதல்ல விரல் விட்டு எண்ணினாலும் பரவால்ல, திட்டாதீங்க. இது பழகிட்டா 8+5க்கு, 5லருந்து 2 எடுத்து 8க்கு குடுத்தா 10, மிச்சம் 3, ஆக 13னு பிள்ளையே போட்டுடும். காசுல நல்லா வந்தப்புறம் வட்டம் போட்டு படமா, கடைசியாத்தான் வெறும் எண்ணா எழுத விடுங்க, இங்க ஸ்கூல்லயும் இந்த வரிசைதான்.

லிஃப்ட்லயும் கேக்கலாம், 4வது மாடில இருக்கோம், 10க்கு இன்னும் எத்தனன்னு. பக்கத்து வீட்டு ஆன்ட்டி முந்திக்கிட்டு பதில் சொல்லிடுவாங்க, அது வேற விஷயம் 😄