நாலு பேர் வீட்டு மளிகைச் செலவைக் குறைப்பது எப்படி? தொடக்கநிலையினருக்கான செய்முறை

மாதக் கடைசியில் கையைக் கடிக்கிறது என்றதும் பலரும் முதலில் செய்வது, விலை குறைந்த கடையைத் தேடி அலைவது. அதைச் செய்ய வேண்டியதுதான், ஆனால் அது ஐந்தாவது வேலை. உங்கள் வீட்டுக்கு மாதம் எவ்வளவு துவரம்பருப்பு ஆகும், எவ்வளவு எண்ணெய் ஆகும் என்று கேட்டால் உடனே பதில் வருகிறதா? வராவிட்டால் எந்தக் கடைக்குப் போனாலும் மிச்சம் பிடிக்க முடியாது.

தமிழ்நாட்டில் ரேஷன் அட்டை உள்ள, பெரியவர் இருவரும் பள்ளிப் பிள்ளைகள் இருவரும் இருக்கிற வீட்டை வைத்து இந்தக் கணக்கு போடப்பட்டிருக்கிறது. விலைகள் கணக்குக் காட்டுவதற்காக மட்டும். உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

படி 1: ஒரு மாதம் எதையும் குறைக்காமல் குறித்து வையுங்கள்

ஒவ்வொரு பாக்கெட்டையும் பிரிக்கும் அன்று அதன்மேல் மார்க்கர் பேனாவால் தேதி எழுதுங்கள். தீரும் அன்று மாதக் காலண்டரின் கட்டத்தில் "து.பருப்பு 1 கி, 13 நாள்" என்று குறியுங்கள். இதற்கு மொபைல் ஆப் எல்லாம் வேண்டாம். அடுப்படியில் கை ஈரத்தோடு போனைத் தேடுவதற்குள் மறந்துவிடும்.

செலவை மூன்றாகப் பிரித்து எழுதுங்கள்: முதலாவது மாதச் சாமான்; இரண்டாவது காய், பால், முட்டை, மீன்; மூன்றாவது சில்லறை. பிஸ்கட், மிக்சர், தோசை மாவு, திடீரென்று வாங்கிய அரை லிட்டர் எண்ணெய், பிள்ளைகளை அனுப்பி வாங்கியது எல்லாம் மூன்றாவதில் வர வேண்டும். மாதம் முடிந்து கூட்டிப் பார்த்தால், பெரும்பாலான வீடுகளில் ஆச்சரியப்படுத்துவது இந்த மூன்றாவது தொகைதான்.

படி 2: வீட்டுக்கான அளவைக் கண்டுபிடியுங்கள்

சமையலறைத் தராசு இல்லையென்றால் 200 மில்லி டம்ளர் போதும். தலை தட்டிய ஒரு டம்ளர் அரிசி 160 முதல் 170 கிராம் இருக்கும். துவரம்பருப்பும் ஏறக்குறைய அவ்வளவுதான். நாலு பேருக்கு ஒரு வேளை சாம்பாருக்கு 100 கிராம் பருப்பு, அதாவது அரை டம்ளருக்குச் சற்றுக் கூடுதல். மாதத்தில் 20 நாள் சாம்பார் என்றால் 2 கிலோ. ரசம், கூட்டுக்கு இன்னொரு அரைக் கிலோ.

இப்படிக் கணக்குப் போட்டால் பட்டியல் சுமாராக இப்படி வரும்:

அரிசி 20 கிலோ (இட்லிக்கு 6 கிலோ சேர்த்து)
துவரம்பருப்பு 2½ கிலோ
உளுந்து 1½ கிலோ
கடலைப்பருப்பு, பாசிப்பருப்பு அரைக் கிலோ வீதம்
கொண்டைக்கடலை, பச்சைப்பயறு, தட்டைப்பயறு சேர்த்து 1½ கிலோ
எண்ணெய் எல்லாம் சேர்த்து 2½ லிட்டர்
சர்க்கரை 2 கிலோ
புளி அரைக் கிலோ
உப்பு 1 கிலோ

உங்கள் காலண்டர் குறிப்பு இதற்கு மாறாக இருந்தால் உங்கள் குறிப்பையே நம்புங்கள். டிபனுக்குச் சப்பாத்தி போடும் வீட்டில் உளுந்து குறைந்து கோதுமை ஏறும்.

எண்ணெய்தான் எப்போதும் கணக்கை மீறும். கேனிலிருந்து நேராக வாணலியில் ஊற்றினால் எவ்வளவு போகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை 600 மில்லியை அளந்து ஒரு பாட்டிலில் ஊற்றி, அந்த வாரம் முழுக்க அதிலிருந்தே எடுங்கள். வியாழக்கிழமையே தீர்ந்துவிட்டால் எந்தப் பலகாரம் குடித்தது என்பது உடனே புரிந்துவிடும்.

படி 3: ரேஷனை முழுமையாக வாங்குங்கள்

நாலு பேர் உள்ள அரிசி அட்டைக்கு 20 கிலோ அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. துவரம்பருப்பு ஒரு கிலோ 30 ரூபாய், பாமாயில் ஒரு லிட்டர் 25 ரூபாய், சர்க்கரை கிலோ 25 ரூபாய் (மிக ஏழைக் குடும்பங்களுக்கான அந்தியோதயா அட்டைக்கு 13.50). கோதுமை இருப்பு இருந்தால் அரிசியில் ஒரு பகுதிக்குப் பதிலாக அதை வாங்கலாம். வெளிக்கடையில் பருப்பு கிலோ 140, பாமாயில் 120, சர்க்கரை 45 என்று வைத்தாலும், இந்த மூன்றிலேயே (சர்க்கரை மட்டும் 2 கிலோ) சுமார் 245 ரூபாய் மிச்சம். அரிசியையும் சேர்த்தால் ஆயிரத்தைத் தாண்டும்.

பருப்பும் பாமாயிலும் மாதக் கடைசியில் தீர்ந்துவிடும் கடைகள் உண்டு. சரக்கு வரும் நாளைக் கேட்டு வைத்து, முதல் இரண்டு வாரத்துக்குள் வாங்கிவிடுங்கள். பில் போட்டதும் பதிவு செய்த எண்ணுக்குக் குறுஞ்செய்தி வரும். வாங்காத பொருள் அதில் ஏறியிருந்தால் அங்கேயே கேளுங்கள். கட்டணமில்லாப் புகார் எண் 1967.

ரேஷன் அரிசியைப் பலர் சாதத்துக்குப் பிடிக்கவில்லை என்று விட்டுவிடுகிறார்கள். இட்லி, தோசை, அடை, இடியாப்ப மாவு இவற்றுக்கு அதைத் திருப்பினால் வெளியில் இட்லி அரிசி வாங்கும் செலவு முழுதாக மிச்சம். அரிசியில் ஆங்காங்கே நிறமும் வடிவமும் சற்று மாறிய மணிகள் தெரியலாம். பிளாஸ்டிக் அரிசி என்று பொறுக்கி எறிய வேண்டாம். அரிசி மாவோடு இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்துச் செய்த செறிவூட்டிய மணிகள் அவை; நூற்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் கலந்திருக்கும்.

படி 4: பாக்கெட் விலையைப் பார்க்காமல் கிலோ விலையைப் பாருங்கள்

எண்ணெய் அலமாரி முன் நின்று மூன்று பாக்கெட்டை எடுத்துப் பாருங்கள். ஒன்று 1 லிட்டர், 160 ரூபாய். இன்னொன்று 850 மில்லி, 142 ரூபாய். மூன்றாவது 1 கிலோ, 170 ரூபாய். கைக்குக் குறைவாகப் படுவது இரண்டாவது. ஆனால் 142-ஐ 0.85-ஆல் வகுத்தால் லிட்டர் 167 ரூபாய் ஆகிறது. சமையல் எண்ணெய் ஒரு லிட்டர் சுமார் 910 கிராம்தான் எடை இருக்கும் என்பதால், கிலோ பாக்கெட்டின் லிட்டர் விலை 170 × 0.91, அதாவது ஏறக்குறைய 155. அதிக விலை போட்டிருப்பதுதான் உண்மையில் மலிவு.

எல்லோருக்கும் கணக்கு ஓடாது, தேவையும் இல்லை. எம்ஆர்பிக்குப் பக்கத்தில் ஒரு கிராமுக்கு அல்லது ஒரு மில்லிக்கு என்ன விலை என்று சிறிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். ஒரே மாதிரிப் பொருள்களை அந்த எண்ணை வைத்தே ஒப்பிடுங்கள். ஒன்றில் கிராம் கணக்கும் இன்னொன்றில் மில்லி கணக்கும் இருந்தால் மட்டும் மேலே சொன்ன 0.91 தேவைப்படும்.

ஐந்து ரூபாய், பத்து ரூபாய்ப் பாக்கெட்டுகளில் விலை மாறாது, எடை மட்டும் இளைத்துக்கொண்டே போகும். டீத்தூள், மசாலா, காப்பித்தூள் எல்லாவற்றிலும் இது நடக்கும். ஷாம்பு மட்டும் பல நேரம் தலைகீழ்: பாட்டிலைவிட சாஷே மலிவாக இருக்கும், கணக்குப் போட்டுப் பாருங்கள்.

"இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்" என்பது உங்கள் மாதப் பட்டியலில் ஏற்கெனவே இருக்கிற பொருளுக்கு மட்டும்தான் லாபம்.

படி 5: எதை எங்கே வாங்குவது

பருப்பு, பயறு, மிளகாய், மல்லி, புளி ஆகியவற்றை மொத்தக் கடையில் வாங்குங்கள். சென்னையில் கொத்தவால்சாவடி, மதுரையில் கீழமாசி வீதி, திருச்சியில் காந்தி மார்க்கெட் மாதிரி எல்லா ஊரிலும் ஒரு தெரு இருக்கும். ஒரு வீட்டுக்கு மட்டும் போய் வந்தால் ஆட்டோ செலவே மிச்சத்தைத் தின்றுவிடும். பக்கத்து வீட்டாரோடு சேர்ந்து 5 கிலோ, 10 கிலோவாக வாங்கிப் பிரித்துக்கொண்டால்தான் கட்டும். பெண்கள் போவதாக இருந்தால் கட்டணமில்லா நகரப் பேருந்து இருக்கிறது.

காய்க்கு உழவர் சந்தை. 1999-இல் மதுரையில் தொடங்கியதிலிருந்து இன்றுவரை அங்கே அன்றைய விலையைப் பலகையில் எழுதிப் போடும் வழக்கம் உண்டு. வாங்கப் போகாத நாளிலும் அந்த விலையைத் தெரிந்து வைத்திருந்தால் தெருவில் வரும் வண்டிக்காரரிடம் பேரம் பேசலாம். வாரம் இரண்டு முறை போனால் போதும்: கீரை, வெண்டை, கத்தரி முதல் இரண்டு நாளுக்கு, அவரை, முள்ளங்கி, பீட்ரூட் அதற்கடுத்து, பூசணி, சேனை, வாழைக்காய், உருளை கடைசியில். இந்த வரிசையில் சமைத்தாலே வாடிப்போய்க் குப்பைக்குப் போகும் காய் பாதியாகக் குறையும்.

தக்காளி விலை ஏறும் மாதங்களில் பிடிவாதம் பிடிக்க வேண்டாம். 2023 ஜூலையில் கிலோ நூறைத் தாண்டி, ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்கும் நிலை வந்தது. அந்த மாதிரி நேரத்தில் புளிக்குழம்பு, மோர்க்குழம்பு, எலுமிச்சை ரசம் என்று மாறிவிடுங்கள்.

படி 6: இரண்டே பொருளை வீட்டில் செய்யுங்கள்

எல்லாவற்றையும் வீட்டில் செய்யக் கிளம்பினால் மூன்றாம் வாரம் அலுத்து ஓட்டலுக்குப் போவீர்கள். இட்லி மாவும் சாம்பார்ப் பொடியும் போதும்.

மாவு: ரேஷன் புழுங்கல் அரிசி 1 கிலோ, முழு உளுந்து 250 கிராம், வெந்தயம் ஒரு டீஸ்பூன். அரிசியை மூன்று நான்கு முறை களைந்து 5 முதல் 6 மணி நேரம் ஊறவையுங்கள். உளுந்துக்கு 2 மணி நேரம் போதும். சுமார் 3 கிலோ மாவு வரும். உளுந்து கிலோ 140 என்றால் செலவு 35 ரூபாய், கரண்டுக்கு இன்னும் ஐந்து. கடையில் அதே மூன்று கிலோ, கிலோ 40 என்றாலும் 120. மாதம் ஆறு முறை அரைத்தால் 480 ரூபாய் மிச்சம்.

இட்லி கல்லாக வந்தால் காரணம் பெரும்பாலும் உளுந்து. பழைய உளுந்து பொங்காது. உடைத்த உளுந்தும் முழு உளுந்து அளவுக்குக் காணாது. மிக்சியில் அரைப்பவர்கள் ஐஸ் தண்ணீர் ஊற்றி, இடையிடையே நிறுத்தி அரைக்க வேண்டும், ஜார் சூடானால் மாவு உபரியாகாது. மூன்று கிலோவையும் ஒரே பாத்திரத்தில் புளிக்க வைக்காமல், இரண்டாம் பாதியைப் புளிக்கும் முன்பே பிரிட்ஜில் வைத்துவிட்டு, தேவைப்படும் நாளுக்கு முந்தைய இரவு வெளியே எடுத்து வையுங்கள்.

சாம்பார்ப் பொடி: மிளகாய் 250 கிராம், மல்லி 500, துவரம்பருப்பும் கடலைப்பருப்பும் 100 வீதம், மிளகும் சீரகமும் 50 வீதம், விரலி மஞ்சள் 50, வெந்தயம் 25. வெயிலில் காயவைத்து மில்லில் அரைத்தால் ஒரு கிலோவுக்கு மேல் வரும். மில்லிலிருந்து சூடாக வரும் பொடியை அப்படியே டப்பாவில் அடைத்தால் வேர்த்துக் கட்டி தட்டும், வாசனையும் போகும். செய்தித்தாளில் அச்சு மை ஒட்டும். வெள்ளைத் துணியில் பரப்பி ஆறவிடுங்கள்.

படி 7: வாங்கியதைக் கெடாமல் வையுங்கள்

மலிவாக வாங்கிய ஐந்து கிலோ உளுந்தில் வண்டு விழுந்தால் எல்லாக் கணக்கும் வீண். பருப்பு வகைகளை ஒரு நாள் நல்ல வெயிலில் காயவைத்து, முழுதாக ஆறிய பிறகு, ஈரமில்லாத டப்பாவில் நாலைந்து வரமிளகாயோடு போடுங்கள். சூட்டோடு மூடினால் உள்ளே ஈரம் கோக்கும். ரவையை வறுத்து வைக்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு மாதத் தேவைக்கு மேல் எதையும் சேர்க்க வேண்டாம். பழையது தீராமல் புதியதை மேலே கொட்டாதீர்கள், அடியில் கிடப்பதில்தான் பூச்சி முதலில் வரும்.

படி 8: கடன் நோட்டிலிருந்து வெளியே வாருங்கள்

அண்ணாச்சி கடையில் நோட்டுப் போட்டு வாங்குவதில் ஒரு சிக்கல்: விலை கேட்க வாய் வராது, வேறு கடைக்கும் போக முடியாது. ஒரே மாதத்தில் பாக்கியை அடைக்க முயன்றால் திரும்பவும் கடன்தான் வாங்க வேண்டியிருக்கும். முதல் மாதம் பருப்பையும் எண்ணெயையும் மட்டும் ரொக்கத்துக்கு வாங்குங்கள். மேலே சொன்ன வழிகளில் மிச்சமாவதை வேறெங்கும் செலவழிக்காமல் பழைய பாக்கியில் கழியுங்கள். பாக்கி பாதியானதும் மாதக் கணக்கை வாரக் கணக்காக்கிக்கொள்ளுங்கள். கடைக்காரரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் மனக்கசப்பு வராது.

செலவு குறைகிறது என்ற உற்சாகத்தில் முட்டை, பயறு, பிள்ளைகளின் பால் ஆகியவற்றில் கை வைக்காதீர்கள். குறைக்க வேண்டுமென்றால் பிஸ்கட், ஹெல்த் டிரிங்க் பவுடர், பாக்கெட் நொறுக்குத் தீனி இவற்றில் தொடங்குங்கள். மாலை ஒரு பிடி சுண்டலுக்கு 150 கிராம் பயறு போதும், நாலு பேருக்கு.

பாக்கி தீர்ந்த பிறகு மாதம் 200 ரூபாய் தனியாக எடுத்து வைக்கத் தொடங்குங்கள். புதுப் புளி, புது மிளகாய், புது மல்லி மாசியிலிருந்து சித்திரைக்குள் சந்தைக்கு வரும். விலை இறங்கியிருக்கும் அந்த நேரத்தில் வருஷத்துக்கு வேண்டிய 6 கிலோ புளியை மொத்தமாக வாங்கி, கொட்டை நீக்கி, வெயிலில் காயவைத்து, கல்லுப்பு தூவி மண்சட்டியிலோ பீங்கான் ஜாடியிலோ அடைத்துவிடலாம். எவர்சில்வர், அலுமினியப் பாத்திரம் வேண்டாம், புளி அரித்துவிடும்.